பத்து வெள்ளியில் தொடங்கிய தோட்டக் கணக்கு: துன் சம்பந்தன் நம் பட்டதாரிகளுக்கு விட்டுச் சென்ற பாடம்

சுங்கை சோ, செரண்டா, ரவாங், பத்தாங்காலி வட்டாரத்தில் வணிக நிர்வாகமும் கணக்கியலும் படித்த நம் பிள்ளைகளை இன்று எளிதாகப் பார்க்கலாம். பாட்டி பால்மரம் வெட்டியிருப்பார். அப்பா லாரி ஓட்டியிருப்பார், அல்லது தொழிற்சாலையில் ஷிப்ட் பார்த்திருப்பார். பிள்ளை எம்.பி.ஏ. பட்டத்தோடு வந்து நிற்கிறது. படிப்புக்கு வாங்கிய கடன், வீட்டுச் செலவு, தம்பி தங்கையின் படிப்பு என்று பல பொறுப்புகள் முன்னால் இருக்கின்றன. முதலில் நல்ல சம்பளம் வேண்டும் என்று நினைப்பதில் எந்தத் தவறும் இல்லை.

ஆனாலும் அவர்களில் பலரின் மனத்தில் இன்னொரு கேள்வியும் இருக்கிறது. கற்ற நிர்வாகம், நிதி, கணக்கு எல்லாம் ஏதோ ஒரு நிறுவனத்தின் இலாபத்துக்கு மட்டும்தானா? நம்மை வளர்த்த லயத்துக்கும் தோட்டத்துக்கும் அதனால் ஏதாவது ஆகுமா?

இந்தக் கேள்விக்கு ஏறக்குறைய அறுபத்தைந்து ஆண்டுகளுக்கு முன்பே செயலில் பதில் சொன்ன ஒருவர் நம்மிடையே வாழ்ந்திருக்கிறார். அவர் துன் வீ.தி.சம்பந்தன். ம.இ.கா.வின் தலைவர், அமைச்சர், சுதந்திரப் போராட்டத் தலைவர்களில் ஒருவர் என்றுதான் நம் பிள்ளைகள் அவரைப் பாடப்புத்தகத்தில் படிக்கிறார்கள். பிரிக்பீல்ட்ஸ் சாலைக்கு அவர் பெயர் இருக்கிறது. ஆனால் அவர் தோட்டப் பாட்டாளிகளின் பணத்தைக் கொண்டு ஒரு பெரிய தொழில் நிறுவனத்தைக் கட்டியவர் என்பது பலருக்கு நினைவில் இல்லை.

சுங்கை சிப்புட்டின் செல்வந்தர் வீட்டுப் பிள்ளை

1919ஆம் ஆண்டு ஜூன் 16ஆம் நாள் பேராக் மாநிலத்தின் சுங்கை சிப்புட்டில் சம்பந்தன் பிறந்தார். தந்தை எம்.எஸ்.வீராசாமி 1896ஆம் ஆண்டில் தமிழகத்திலிருந்து மலாயாவுக்கு வந்தவர். உழைத்து முன்னேறி ரப்பர் தோட்டங்களுக்குச் சொந்தக்காரரானார். பெரும்பாலான தமிழர்கள் கங்காணியின் கீழ் கூலிக்கு உழைத்த காலத்தில் ஒரு தமிழர் தோட்ட முதலாளியாக இருந்தது அபூர்வம்.

கோலகங்சாரின் கிளிஃபர்ட் பள்ளியில் படித்த சம்பந்தன், மேற்படிப்புக்குச் சிதம்பரத்தில் உள்ள அண்ணாமலைப் பல்கலைக்கழகத்துக்குச் சென்றார். அது ஒரு வணிகர் கட்டிய பல்கலைக்கழகம். செட்டிநாட்டு அரசர் அண்ணாமலை செட்டியார் தம் செல்வத்தைக் கல்விக்குக் கொடுத்து 1929ஆம் ஆண்டில் அதை நிறுவினார். சம்பந்தன் அங்கே படித்தபோது இந்தியா முழுவதும் விடுதலைப் போராட்டம் கொந்தளித்துக்கொண்டிருந்தது. காங்கிரஸ் இயக்கமும் காந்தியச் சிந்தனையும் அந்த இளைஞரை ஈர்த்தன.

படிப்பை முடித்து ஊர் திரும்பியவருக்கு வாழ்க்கை ஏற்கெனவே தயாராக இருந்தது. தந்தையின் தோட்டங்களைப் பார்த்துக்கொண்டு வசதியாக இருந்திருக்கலாம். அந்தத் தொழிலையும் அவர் நன்றாகத் தெரிந்துகொண்டார். ஓர் ஏக்கரில் எத்தனை மரம், மறுநடவுக்கு எத்தனை ஆண்டு காத்திருக்க வேண்டும், ரப்பர் விலை சரிந்தால் எந்தச் செலவு முதலில் குறையும் என்பதெல்லாம் தோட்டக்காரர் வீட்டுப் பிள்ளைக்குத் தெரிந்த பாடங்கள். பின்னாளில் தொழிலாளர்களுக்காகத் தோட்டம் வாங்க இறங்கியபோது அந்த அறிவுதான் அவருக்குக் கைகொடுத்தது.

1954ஆம் ஆண்டில் சுங்கை சிப்புட்டில் மகாத்மா காந்தி கலாசாலையை அவர் உருவாக்கினார். நேருவின் தங்கை விஜயலட்சுமி பண்டிட் அதைத் திறந்து வைத்தார். அந்தத் தமிழ்ப்பள்ளி இன்றும் நடக்கிறது.

தோட்டத்து மக்களின் தலைவர்

1955ஆம் ஆண்டில் அவர் ம.இ.கா.வின் தேசியத் தலைவரானார். அதே ஆண்டு நடந்த முதல் பொதுத்தேர்தலில் கூட்டணிக் கட்சி 52 தொகுதிகளில் 51ஐ வென்றது. துங்கு அப்துல் ரஹ்மானின் அமைச்சரவையில் சம்பந்தன் தொழிலாளர் அமைச்சரானார். அப்போது அவருக்கு வயது 36. பின்னர் சுகாதாரம், பொதுப்பணி, அஞ்சல், தொலைத்தொடர்பு எனப் பல பொறுப்புகளை வகித்தார். 1973 வரை ம.இ.கா.வின் தலைவராக இருந்தார்.

அவருக்கு முன் ம.இ.கா.வில் நகரத்துப் படித்தவர்களின் செல்வாக்குதான் மேலோங்கியிருந்தது. அவர் காலத்தில் கட்சி தோட்டத்துக்குள் இறங்கியது. வெள்ளை வேட்டி சட்டையோடு தமிழில் பேசிய அமைச்சரைத் தோட்டத்து மக்கள் தங்கள் வீட்டு ஆளாகவே பார்த்தார்கள்.

கட்சிக்கும் பொதுக் காரியத்துக்கும் அவர் தம் சொத்துகளை விற்றுக் கொடுத்தார். தந்தை வைத்துச் சென்ற செல்வம் அரசியலில் கரைந்தது. அரசியலுக்கு வந்து சொத்துச் சேர்த்தவர்களை நிறையப் பார்த்துவிட்ட நமக்கு இது விசித்திரமாகக்கூடத் தோன்றலாம்.

தோட்டம் துண்டானபோது

1948ஆம் ஆண்டு ஜூன் 16. சம்பந்தனுக்கு அன்று 29 வயது நிறைந்தது. அதே நாளில் அவருடைய ஊரான சுங்கை சிப்புட்டில் மூன்று ஐரோப்பியத் தோட்ட நிர்வாகிகள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அதைத் தொடர்ந்து அவசரகாலம் பிறப்பிக்கப்பட்டது. அது 1960ஆம் ஆண்டு ஜூலை 31 வரை நீடித்தது.

அந்தப் பன்னிரண்டு ஆண்டுகளில் ஐரோப்பிய முதலாளிகள் பலருக்கு மலாயாவில் தோட்டம் வைத்திருப்பதில் நம்பிக்கை தளர்ந்தது. ஒரு பக்கம் பாதுகாப்புப் பயம். மறுபக்கம், நாடு சுதந்திரம் பெற்ற பிறகு தங்கள் முதலீடு என்னாகுமோ என்ற கவலை. நல்ல விலை கிடைத்தபோது விற்றுவிட்டு ஊர் திரும்பினார்கள்.

வாங்கியவர்களில் பலர் தோட்டம் நடத்த வாங்கவில்லை. ஆயிரம், இரண்டாயிரம் ஏக்கர் தோட்டத்தைச் சிறு துண்டுகளாகப் பிரித்து விற்றால் மொத்த விலையைவிடக் கூடுதல் கிடைக்கும். இதைத்தான் நம் மக்கள் தோட்டத் துண்டாடல் என்றார்கள். நூறு ஏக்கருக்குக் குறைந்த நிலம் கணக்கில் தோட்டமே ஆகாது, அது சிறுதோட்டம். அங்கே லயம் இல்லை, ஆயாக்கொட்டகை இல்லை, மருந்தகம் இல்லை. புதிய உடைமையாளர் தம் குடும்பத்தினரை வைத்தோ ஒப்பந்தக்காரர் கொண்டு வந்த ஆட்களை வைத்தோ பால் வெட்டிக்கொள்வார்.

தோட்டத்தில் வேலை போனால் வேலை மட்டும் போவதில்லை. வீடு, பிள்ளையின் பள்ளி, கோயில், குடிதண்ணீர் எல்லாமே தோட்டத்தோடு சேர்ந்தவை. பேராசிரியர் உங்கு அசிஸ் 1951 முதல் 1960 வரையிலான துண்டாடலை ஆராய்ந்து அரசாங்கத்துக்கு அளித்த அறிக்கை, இது எத்தனை பெரிய சிக்கல் என்பதை நாட்டுக்குக் காட்டியது.

வடசிலாங்கூர் மக்களுக்கு இதைப் புரியவைக்க அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அன்று நிலம் சிறுதோட்டங்களாகத் துண்டானது. பிற்காலத்தில் நம் பகுதியில் அது வீடமைப்புத் திட்டங்களாகவும் தொழிற்பேட்டைகளாகவும் மாறியது. மேரி, நைகல் கார்ட்னர், சுங்கை திங்கி, புக்கிட் தாகார், மின்யாக் ஆகிய ஐந்து தோட்டங்களின் மக்கள் சொந்த வீடு கேட்டு எத்தனை ஆண்டுகள் காத்திருந்தார்கள் என்பது நமக்குத் தெரியும். சுங்கை சோ போன்ற ஊர்களில் தமிழ்ப்பள்ளியின் பெயரில் தோட்டம் என்ற சொல் இன்னும் நிற்கிறது. தோட்டம் போன பிறகும் பெயர் மட்டும் நிற்கும் பள்ளிகள் நாட்டில் பல உண்டு. நிலம் யார் கையில் இருக்கிறதோ அவர் கையில்தான் நம் வாழ்க்கை இருந்தது.

ஒரு பங்கு நூறு வெள்ளி

அமைச்சராக இருந்த சம்பந்தன் முன் சில வழிகள் இருந்தன. துண்டாடலைக் கண்டித்துப் பேசலாம். தடுக்கச் சட்டம் கேட்கலாம். வேலை இழந்தவர்களுக்கு நிதி திரட்டி உதவலாம். அவர் வேறொரு கணக்குப் போட்டார். விற்பவர் விற்கத்தான் போகிறார் என்றால், வாங்குபவர் தொழிலாளியாகவே இருக்கக்கூடாதா?

கேட்பதற்கு எளிது. ஆனால் மாதக் கூலியில் அரிசிக் கடன் கழித்தால் மிச்சம் ஏதும் நிற்காத மக்களிடம் இலட்சக்கணக்கான வெள்ளி எங்கிருந்து வரும்? இதற்குக் கூட்டுறவு என்ற பழைய வழி இருந்தது. 1844ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் ரோச்டேல் நகரத்தில் 28 பேர், பெரும்பாலும் நெசவாளர்கள், ஆளுக்கு ஒரு பவுன் சேர்த்து ஒரு சிறு மளிகைக் கடையைத் திறந்தார்கள். அங்கிருந்துதான் கூட்டுறவு இயக்கம் உலகெங்கும் பரவியது. மலாயாவிலும் 1922 முதல் கூட்டுறவுச் சட்டம் இருந்தது. தோட்டங்களில் சிக்கனச் சங்கங்கள் நடந்தன. ஆனால் அவை சேமிப்புக்கும் சிறு கடனுக்குமானவை. தோட்டத்தையே வாங்கும் சங்கம் என்பது புதிய துணிச்சல்.

1960ஆம் ஆண்டில் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் பிறந்தது. ஒரு பங்கின் விலை நூறு வெள்ளி. அதை மொத்தமாகக் கட்ட வேண்டாம். மாதம் பத்து வெள்ளி வீதம் கட்டினால் போதும். அன்றைய தொழிலாளிக்குப் பத்து வெள்ளி என்பது சில நாள் கூலி. கஷ்டம்தான், ஆனால் முடியாதது அன்று. பத்தாயிரம் பேர் ஆளுக்கு ஒரு பங்கு எடுத்தால் பத்து இலட்சம் வெள்ளி சேரும். அதைக் காட்டி மேற்கொண்டு கடனும் வாங்கலாம். வாங்கிய தோட்டத்தின் வருமானத்தில் கடனைக் கட்டலாம்.

இன்றைய வணிகப் பள்ளிகளில் மூலதனம் திரட்டுதல், இடர் பகிர்வு, சமூகத் தொழில்முனைவு என்று தனித்தனிப் பாடமாகச் சொல்லிக்கொடுக்கிறார்கள். இந்தியாவில் கல்கத்தாவிலும் அகமதாபாத்திலும் முதல் இந்திய மேலாண்மைக் கழகங்கள் தொடங்கப்பட்டதே 1961ஆம் ஆண்டில்தான். அதற்கு முந்தைய ஆண்டிலேயே இங்கே பால்வாளி தூக்கிய மக்கள் தோட்டப் பங்குதாரர்களாகத் தொடங்கிவிட்டார்கள்.

சம்பந்தன் தோட்டம் தோட்டமாகச் சென்று மக்களிடம் இதை விளக்கினார். நம் மக்கள் அதற்கு முன்பும் பணம் கொடுத்து ஏமாந்தவர்கள். சீட்டுப் பிடித்தவன் ஓடிப்போன கதை எல்லா லயத்திலும் இருந்தது. அமைச்சரே வந்து கேட்டாலும் பத்து வெள்ளியை எடுத்துக் கொடுக்கக் கை தயங்கத்தான் செய்யும். அந்தத் தயக்கத்தைத் தாண்டி அவர்கள் கொடுத்ததற்கு அவர் மீதிருந்த நம்பிக்கையே காரணம். தம் சொத்தைப் பொதுக் காரியத்துக்கு விற்றவர் நம் பத்து வெள்ளியையா எடுத்துக்கொள்ளப் போகிறார் என்று மக்கள் நினைத்திருப்பார்கள்.

கெடா மாநிலத்தின் புக்கிட் சிடிம் தோட்டம் சங்கம் வாங்கிய முதல் தோட்டம். அதன் பிறகு ஒன்றன்பின் ஒன்றாக வேறு தோட்டங்களும் சங்கத்தின் கைக்கு வந்தன. உறுப்பினர்கள் பல்லாயிரமாகப் பெருகினார்கள். ஏலத்தில் துண்டாகியிருக்க வேண்டிய நிலங்கள் முழுத் தோட்டங்களாக நின்றன. ரப்பரோடு செம்பனையும் வந்தது. அவர் மறைந்த பிறகு டான்ஸ்ரீ கே.ஆர்.சோமசுந்தரம் நீண்ட காலம் சங்கத்தை வழிநடத்தினார். கோலாலம்பூரில் சங்கத்தின் தலைமையகம் இன்று விஸ்மா துன் சம்பந்தன் என்ற பெயரைத் தாங்கி நிற்கிறது.

முடிந்ததும் முடியாததும்

சம்பந்தனால் எல்லாம் முடிந்துவிடவில்லை. நாட்டில் துண்டாடப்பட்ட நிலத்தோடு ஒப்பிட்டால் சங்கம் காப்பாற்றியது ஒரு பகுதிதான். பங்கு வைத்தவர் சிலாங்கூரில் இருப்பார். வாங்கிய தோட்டம் கெடாவில் இருக்கும். பங்குதாரரானதால் அவர் குடியிருந்த லயத்துக்குப் பாதுகாப்பு வந்துவிடவில்லை. 1960களின் இறுதியில், குடியுரிமை இல்லாதவர்கள் வேலை செய்ய அனுமதி பெற வேண்டும் என்ற சட்டம் வந்தது. சிவப்பு அடையாள அட்டை வைத்திருந்த நம் மக்கள் பல்லாயிரம் பேர் பிறந்து வளர்ந்த தோட்டத்தை விட்டுத் தமிழகத்துக்குக் கப்பலேறினார்கள். அவர் அரசாங்கத்தில் இருந்த காலத்திலேயே அது நடந்தது. இதற்காக அவர் மீது எழுந்த விமர்சனங்களையும் வரலாறு மறைக்க வேண்டியதில்லை.

1973ஆம் ஆண்டில் கட்சித் தலைமையிலிருந்து விலகினார். அதன் பிறகு தேசிய ஒருமைப்பாட்டுப் பணியில் ஈடுபட்டார். 1979ஆம் ஆண்டு மே 18ஆம் நாள், அறுபது வயது நிறைய ஒரு மாதமே இருந்த நிலையில் காலமானார். மரணத்தின்போது அவரிடம் இருந்தது தந்தை விட்டுச் சென்றதைவிடக் குறைவு. மக்களிடம் இருந்ததோ அவர் தொடங்கியபோது இருந்ததைவிட அதிகம்.

நல்ல நோக்கம் மட்டும் போதுமா?

இங்கேதான் இன்றைய பட்டதாரிகள் கவனிக்க வேண்டிய இடம் இருக்கிறது. சமுதாயத்தின் பணத்தைத் திரட்டித் தொழில் செய்யும் முயற்சி அவரோடு முடிந்துவிடவில்லை. 1982ஆம் ஆண்டில் மைக்கா ஹோல்டிங்ஸ் தொடங்கப்பட்டது. நகையை அடகு வைத்தும் கடன் வாங்கியும் பங்கு வாங்கிய குடும்பங்கள் நம் தோட்டங்களிலும் பட்டணங்களிலும் உண்டு. பல ஆண்டுகள் காத்திருந்தும் எதிர்பார்த்த பலன் அவர்களுக்கு வரவில்லை. இரண்டு முயற்சிகளுக்கும் சொல்லப்பட்ட நோக்கம் ஒன்றுதான்: இந்தியர்களின் பொருளாதாரத்தை உயர்த்துவது. முடிவு மட்டும் ஒன்றாக இல்லை.

ஆகவே நோக்கம் நல்லது என்பதால் மட்டும் ஒரு நிறுவனம் நிலைத்துவிடாது. யாருக்கு ஓட்டு, யார் கணக்குப் பார்ப்பது, பணம் எதில் போடப்படுகிறது, தெரிந்த தொழிலா தெரியாத தொழிலா என்ற கேள்விகள் அதைவிட முக்கியம். கூட்டுறவில் ஒரு பங்கு வைத்தவருக்கும் ஒரே ஓட்டு, நூறு பங்கு வைத்தவருக்கும் ஒரே ஓட்டு. வாங்கியது நம் மக்கள் தலைமுறை தலைமுறையாகப் பாடுபட்டு அறிந்த தோட்டம். முதலாளி யார் என்பது மாறியது, வேலை மாறவில்லை. சங்கம் நிலைத்ததற்கு இந்த எளிமையும் ஒரு காரணம்.

இந்தக் கேள்விகளைக் கேட்கவும் பதிலைச் சரிபார்க்கவும் தெரிந்தவர்கள்தான் வணிகம் படித்த நம் பிள்ளைகள். தோட்டத்து முதியவர் ஒருவருக்கு ஆண்டறிக்கை கையில் கிடைத்தால் படம் பார்த்துவிட்டு வைத்துவிடுவார். அதில் கடன் எவ்வளவு, கையிருப்பு எவ்வளவு, இலாபம் எங்கிருந்து வந்தது என்று படித்துச் சொல்ல ஓர் ஆள் வேண்டும். தன் குடும்பத்துக்காகச் சம்பாதித்துக்கொண்டே அந்த ஆளாக இருக்க முடியும். அதற்கு வேலையை விட வேண்டியதில்லை, சொத்தை விற்க வேண்டியதுமில்லை.

கோலசிலாங்கூரிலும் உலு சிலாங்கூரிலும் இதற்கு இடம் நிறைய இருக்கிறது. தமிழ்ப்பள்ளியின் மேலாளர் வாரியத்துக்குக் கணக்குத் தெரிந்தவர் தேவை. கோயில் நிர்வாகத்துக்கு வரவு செலவைச் சரியாக எழுதி வைப்பவர் தேவை. கூட்டுறவுச் சங்கத்தின் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் எழுந்து நின்று மரியாதையோடு கேள்வி கேட்பவர் தேவை. கடலை வண்டி, சாப்பாட்டுக் கடை, பூக்கட்டும் தொழில் நடத்தும் அக்காக்களுக்கு வங்கிக் கடன் விண்ணப்பம் எழுதித் தருபவர் தேவை. இவற்றில் ஒன்றை எடுத்துப் பத்து ஆண்டுகள் விடாமல் செய்தால் அதுவே பெரிய சேவை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். தாத்தா பாட்டி பத்து வெள்ளி வீதம் கட்டி வாங்கிய பங்குப் பத்திரங்கள் சில வீடுகளில் பழைய தகரப் பெட்டியின் அடியில் கிடக்கலாம். அவர்கள் காலமாகியிருப்பார்கள், வாரிசு யார் என்று யாரும் எழுதி வைத்திருக்கமாட்டார்கள். வீட்டில் படித்த பிள்ளை இருந்தால், ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்தப் பெட்டியைத் திறந்து பார்க்கட்டும். பத்திரம் கிடைத்தால் சங்கத்தின் அலுவலகத்தில் விசாரித்து, பெயரை மாற்றி, அடுத்த பொதுக்கூட்டத்துக்குப் போகட்டும். அந்தக் கூட்டத்தில் அவருக்கும் ஓர் ஓட்டு உண்டு.